சட்டை கழற்றவேண்டிய இடம்

ஒவ்வொரு நாளும் காலை ஏழு மணிக்கு, மெல்பேர்னின் ரோவில் பகுதியில் இருந்த வீட்டின் முன்கதவடியில் கேதீஸ்வரன் ஒரு தரம் மெல்லச் சுற்றி நிற்பார். மாமனார் கோபாலகிருஷ்ணன் கதிரையில் நிமிர்ந்து இருந்தபடி மருமகனின் கோட்டைப் பார்ப்பார். முதலில் வலது பக்கம், பிறகு முதுகு. பிறகு "குனியும்" என்பார். கேதீஸ்வரன் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்துக் கீழே போய் எழும்புவார். துணி எங்கும் புடைக்கவில்லை என்றால் கிழவர் தலையை ஆட்டுவார். புடைத்தால் கோட்டை மாற்றவேண்டும். வேலைக்குப் பிந்தினாலும் மாற்றத்தான் வேண்டும்.

கோட்டுக்குள், வலது இடுப்பில், தோலுறைக்குள் ஒரு பிஸ்டல் இருந்தது.

அது 1998ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் நீர்ப்பாசன இலாகாவில் உத்தியோகம் பார்த்த கேதீஸ்வரன், மெல்பேர்னுக்கு வந்து ஏழு வருடம் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு நின்றார். அதை மூடியபின் எட்டு மாதம் வீட்டில் இருந்தார். கடைசியில் டண்டினோங்கில் ஒரு சிறிய கம்பனி அவரை எடுத்தது. நகைக்கடைகளுக்கும் வங்கிகளுக்கும் இடையில் பெறுமதியான பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்களின் தொழில். சீருடை கிடையாது. யாரும் திரும்பிப் பார்க்காத மனிதராக, யாரும் திரும்பிப் பார்க்காத காரில் போய்வரவேண்டும். இடுப்பில் இருந்த அந்தத் துவக்கும் அதற்காகத்தான், அதை மறைப்பதும் அதற்காகத்தான்.

கோபாலகிருஷ்ணன் ஊரில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் பிரதம லிகிதராக இருந்து ஓய்வுபெற்றவர். மருமகனுக்குக் கிடைத்த வேலை இன்னதென்று மகள் வைதேகி சொன்ன நாளிலிருந்து இரண்டு நாள் அவர் வாய் திறக்கவில்லை. காவல் வேலை தாழ்வு என்பதல்ல அவருடைய மனக்குறை. உழைத்துச் சாப்பிடுகிறவனை அவர் ஒருநாளும் தாழ்வாக நினைத்ததில்லை. ஆனால் துவக்கு என்ற சொல் வேறு. அவருக்குத் தெரிந்த குடும்பங்களில் முக்கால்வாசி துவக்குக்குத் தப்பி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவை. இடுப்பில் ஏதோ புடைத்தபடி வருகிறவனைக் கண்டால் ஒழுங்கைக்குள் ஒதுங்கிப் பழகிய சனம் அது. அந்தச் சனத்தின் நடுவில், தம் வீட்டு மருமகனின் இடுப்பில் அது இருக்கிறது என்று யார் வாயிலும் வரக்கூடாது என்று அவர் நினைத்தார்.

மூன்றாம் நாள் மகளையும் மருமகனையும் கூப்பிட்டு, வேலைக்குப் போகட்டும், ஆனால் வெளியில் 'பாங்கில் வேலை' என்றுதான் சொல்லவேண்டும் என்றார். முழுப்பொய் இல்லையே, நாளுக்கு மூன்று தரம் பாங்குக்குள் போய் வருகிறவர்தானே என்று தாமே ஒரு நியாயமும் சொன்னார்.

கம்பனி அனுப்பிய பயிற்சியில் கேதீஸ்வரனுக்குக் கற்பித்தவர் கெவின் என்ற பழைய பொலிஸ்காரர். அவர் சொன்னதையெல்லாம் கேதீஸ்வரன் ஒரு கொப்பியில் தமிழில் எழுதிவந்து, குசினி மேசையில் வைத்து மனைவிக்கு வாசித்துக் காட்டினார். கோபாலகிருஷ்ணன் பேப்பர் பார்க்கிற பாவனையில் ஒரு சொல்லும் விடாமல் கேட்டார்.

புதிதாகத் துவக்குத் தூக்குகிறவனை அவனுடைய கையே காட்டிக்கொடுக்கும் என்று கெவின் சொல்லியிருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒருக்கால் அது தானாக இடுப்புக்குப் போய்த் தடவிப் பார்க்கும். அந்தப் பழக்கத்தை முதலில் விடவேண்டும். பெல்ட் தடித்த தோலாக இருக்கட்டும், மெல்லிசு என்றால் பாரத்துக்கு ஒரு பக்கம் சரியும். கோட் ஒரு அளவு பெரிதாக, கடும் நிறமாக வேண்டும். மேல்தட்டில் இருப்பதை எட்டி எடுக்காதே. கழிப்பறைக் கொக்கியில் மாட்டிவிட்டு மறந்து வந்த கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். ஒரு துளி குடிக்கக்கூடாது. தெருவில் எவனாவது ஏசினால் நீயே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போ. துவக்கோடு இருக்கிற நேரத்தில் உனக்குக் கோபம் என்பது கிடையாது. காருக்குள் விட்டுவிட்டு ஒரு நிமிடமும் விலகாதே. வேலையிலிருந்து வீடு, வீட்டிலிருந்து வேலை, இடையில் பால் வாங்கவும் நிற்காதே. வீட்டுக்கு வந்தால் பிள்ளையைத் தூக்க முதல் அதை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டு. ஒருவருக்கும் சொல்லாதே.

கடைசிப் புத்திமதிதான் கோபாலகிருஷ்ணனுக்கு நன்றாகப் பிடித்தது. வெள்ளைக்காரனாக இருந்தாலும் குடும்ப மரியாதை தெரிந்த மனிதன் என்று மெச்சினார். மறுநாளே கதவடிச் சோதனை தொடங்கியது. கெவினுக்கு இல்லாத கண்டிப்பு இவரிடம் இருந்தது. சாம்பல் நிறக் கோட்டை ஒரேயடியாகத் தள்ளிவைத்தார். கார்த்திகையிலும் மார்கழியிலும் வெயில் நாற்பதைத் தொட்டபோதும் கோட்டின் பொத்தானைப் பூட்டச் சொன்னார். கேதீஸ்வரன் முகம் சுளித்ததில்லை. மாமாவுக்கு மறுத்துச் சொல்லுகிற வழக்கம் அவரிடம் இல்லை. அந்தக் குணத்துக்காகத்தான் மகளைக் கொடுத்தது என்று கிழவர் சொல்லுவார்.

இப்படியே ஆறு மாதம் ஓடி, த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோவிலில் திருவிழா வந்தது.

பத்து நாள் விழாவில் நாலாம் நாள் கோபாலகிருஷ்ணன் குடும்பத்தின் உபயம். மலையடிவாரத்தில் அந்தக் கோவில் எழும்பிய காலத்திலிருந்து அவர்கள் கையில் இருக்கும் நாள் அது. அபிஷேகம், பூசை, அன்னதானம் எல்லாம் அன்றைக்கு அவர்கள் பொறுப்பு. அந்த நாளைக் கேட்டு ஐந்தாறு குடும்பங்கள் காத்திருந்தன. உபயகாரர் விரலில் தர்ப்பை போட்டுச் சங்கற்பம் செய்தால்தான் பூசை தொடங்கும். வழக்கமாகக் கோபாலகிருஷ்ணன்தான் தர்ப்பை போடுவார். அந்த வருடம் முடியாது. ஐப்பசியில் அவருடைய தமையனார் யாழ்ப்பாணத்தில் காலமாகியிருந்தார், ஆண்டுத்திவசம் கழியவில்லை. கோபாலகிருஷ்ணனுக்கு ஆண்பிள்ளையும் இல்லை. மகள் கலியாணம் முடித்து வேறு குடும்பமாகிவிட்டதால் மருமகனுக்கு அந்தத் தடை இல்லை. கேதீஸ்வரன் தர்ப்பை போடவேண்டியது என்று முடிவாயிற்று. தவறினால் அந்தச் சங்கற்பத்தை இன்னொரு வீட்டார் செய்வார்கள். ஒருமுறை கைமாறிய நாள் திரும்பி வந்ததாக அவர் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

நாலாம் நாள் சனிக்கிழமையாக அமைந்தது. கேதீஸ்வரன் லீவு கேட்டு எடுத்துத்தான் இருந்தார். ஆனால் கூடவேலை செய்கிறவருக்கு வெள்ளிக்கிழமை இரவு காய்ச்சல். சனி பின்னேரம் நாலு மணிவரை மாத்திரம் வந்துவிட்டுப் போ என்று கம்பனி கேட்டது. நாலுக்கு விட்டால் வீட்டுக்குப் போய், முழுகி, வேட்டி கட்டி ஆறு மணிப் பூசைக்கு ஆறுதலாக வரலாம். அதற்கு எல்லோரும் சம்மதித்தார்கள்.

கோபாலகிருஷ்ணன் இரண்டு மணிக்கே மகளோடும் பேத்தியோடும் கோவிலுக்குப் போய்விட்டார். மூன்றரை மணிக்குக் குருக்கள் ஐயா வந்து, அன்றைக்கு அபிஷேகங்கள் அதிகம், ஐந்து மணிக்கே சங்கற்பத்தைத் தொடங்கினால் நல்லது என்றார். கிழவருக்கு உடம்பெல்லாம் பரபரப்பு. கோவில் அலுவலக அறைக்குப் போய்க் கம்பனிக்கு டெலிபோன் எடுத்தார். கடைசிப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்திருந்த மருமகனைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

"தம்பி, ஐஞ்சு மணிக்குப் பூசை. நேரை இஞ்ச வாரும்."

"மாமா, வீட்டை ஒருக்காப் போயிட்டு வாறன்."

"வீட்டை போனால் பிந்திப்போம். வேட்டி, சால்வை எல்லாம் என்னட்ட இருக்கு. நேரை வாரும்."

மறுமொழிக்கு நிற்காமல் போனை வைத்துவிட்டார். வேட்டியை நினைத்தார், சால்வையை நினைத்தார், தலைக்குத் தண்ணீர் வார்க்கக் கோவில் பின்புறத்தில் பைப் இருப்பதையும் நினைத்தார். ஆறு மாதமாகக் காலையில் முதல் வேலையாகப் பார்த்துவந்த அந்த ஒரு சாமானை மாத்திரம் நினைக்கவில்லை.

நாலரை மணிக்குக் கேதீஸ்வரனின் வெள்ளைக் கொரோலா கார்த்தரிப்பிடத்தின் கடைசி மூலையில் வந்து நின்றது. கார் நின்றது, ஆள் இறங்கவில்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கோபாலகிருஷ்ணன் வேட்டியையும் சால்வையையும் கையில் போட்டுக்கொண்டு சரளைக்கல்லில் நடந்து போனார். கேதீஸ்வரன் கண்ணாடியை இறக்கினார். கோட்டின் பொத்தான் பூட்டியபடி இருந்தது, நெற்றியில் வியர்வை.

"இறங்கும் தம்பி. ஐயா தேடுறார்."

"மாமா, இடுப்பில இருக்கு."

கிழவர் ஒரு கணம் விளங்காமல் நின்றார். பிறகு விளங்கியது. ஆண்கள் மேற்சட்டை கழற்றி, வெறும் மேலோடு போகிற கோவில் அது. அங்கே கோட்டும் இல்லை, சேட்டும் இல்லை. ஒரு முழத் துணிக்குள் மறைக்கிற வித்தையைக் கெவினும் சொல்லிக்கொடுக்கவில்லை.

டிக்கிக்குள் வைத்துப் பூட்டும் என்றார். அதைவிட்டு விலகக்கூடாது, களவு போனால் லைசென்ஸும் போய் வழக்கும் வரும் என்றார் மருமகன். அப்படியென்றால் நான் காருக்குள் காவல் இருக்கிறேன் என்றார் கிழவர்.

"உங்களிட்ட லைசென்ஸ் இல்லை, மாமா. பிடிச்சால் ரெண்டு பேரையும் பிடிப்பாங்கள். நான் இஞ்ச வந்து நிக்கிறதே பிழை."

கோபாலகிருஷ்ணன் கையிலிருந்த சால்வையைப் பார்த்தார். இரண்டாக மடித்து இடுப்பில் இறுக்கிக் கட்டினால் தெரியாதே என்று மெல்லச் சொன்னார்.

கேதீஸ்வரன் அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் முகத்தை நேரே பார்த்து மறுத்தார். "தோப்புக்கரணம் போடேக்க என்ன செய்யிறது? விழுந்து கும்பிடேக்க? அதை விடுங்கோ. பிள்ளையாருக்கு முன்னால இதைக் கட்டிக்கொண்டு நான் போகமாட்டன். என்ர தம்பியைக் கொண்டுபோனவங்களும் இடுப்பில வைச்சுக்கொண்டுதான் வந்தவங்கள்."

குரல் உயரவில்லை. கிழவருக்குச் சால்வை திடீரெனக் கனத்தது. கேதீஸ்வரன் வீட்டில் இளையவர் ஒருவர் இருந்தார், எண்பத்தேழில் இல்லாமல் போனார் என்று சம்பந்தம் பேசியபோது அவர் கேள்விப்பட்டிருந்தார். பேசிமுடித்த பிறகு அதை ஒருநாளும் விசாரிக்கவில்லை. இந்த மனிதன் ஒவ்வொரு நாளும் என்ன நினைத்துக்கொண்டு அந்த உறையைக் கட்டியிருப்பான் என்ற எண்ணமும் அவருக்கு வந்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் கோட்டைத்தான்.

"பிழை என்னுடையது" என்றார். "வீட்டை போம். காரை ஆறுதலா ஓட்டும். பூட்டிப்போட்டு முழுகிப்போட்டு வாரும்."

"ஐஞ்சு மணிக்கு..."

"அதை நான் பாக்கிறன்."

கொரோலா திரும்பி வெளியே போனது. அதன் பின்னால் தூசி அடங்குமட்டும் அவர் அங்கேயே நின்றார். இருபது நிமிடம் போக, இருபது நிமிடம் வர, முழுக்குக்குப் பத்து.

குருக்கள் ஐயாவைத் தனியாகக் கூப்பிட்டு, மருமகன் வர முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் செல்லும் என்றார். கும்பங்களை வைக்கிற வேலையை இழுத்துச் செய்யலாம், ஆனால் கோவில் சபையாரின் சம்மதம் வேண்டும், திருவிழாவுக்குப் பொறுப்பு நாகராஜன் மாஸ்டர் என்றார் ஐயா.

அந்தப் பெயரைத்தான் கோபாலகிருஷ்ணன் விரும்பவில்லை. நாகராஜன் நோபல் பார்க் பகுதியில் இருப்பவர், ஊரில் கணித ஆசிரியர். நாலாம் நாளுக்குக் காத்திருந்த குடும்பங்களில் அவருடையது முதலாவது. கலியாண வீடுகளில் கண்டால், "மருமோன் எந்தப் பிராஞ்ச்?" என்று கேட்பார், மறுமொழி வந்தால் "ஓ, நல்லது" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு இவருக்கு இரவுவரை செரிக்காது.

நாகராஜன் மணிக்கூட்டைப் பார்த்தபடி தாமே வந்தார். கேதீஸ்வரனின் கார் வந்ததும் திரும்பிப் போனதும் அவர் கண்ணில் பட்டிருந்தன.

"என்ன, வந்தவர் போறார்? அவையின்ர பக்கம் ஏதும் செத்தவீட்டுத் துடக்கோ? ஓமெண்டால் ஒளிக்கவேண்டாம். என்ர மகன் வேட்டியோட நிக்கிறான், சங்கற்பத்தை அவன் செய்யட்டும். ஒருத்தரும் குறை சொல்லாயினம்."

கோபாலகிருஷ்ணன் சால்வையை மறு கைக்கு மாற்றினார்.

"இல்லாட்டி பாங்கில கூப்பிட்டவங்களோ?" என்றார் நாகராஜன். "சனிக்கிழமையும் திறந்து வைச்சிருக்கிற பாங்கு போல."

துடக்கு என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். மரியாதை குறையாது, துவக்கின் பேச்சும் எழாது. ஆனால் நாள் போய்விடும். அதோடு, உயிரோடு இருக்கிற ஒரு வீட்டின்மேல், பிள்ளையார் வாசலில் நின்று, சாவைச் சொல்லவேண்டும். அந்த வீட்டில் உண்மையாகவே விழுந்த சாவைப் பற்றிப் பத்து நிமிடத்துக்கு முன்னர்தான் அவர் கேட்டிருந்தார். பாங்கு என்று சொல்லிவந்த பொய்க்கு அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. இதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

முதுகை நிமிர்த்தினார்.

"துடக்கில்லை" என்றார். "என்ர மருமோன் பாங்கிலயும் வேலை இல்லை. நகைப்பெட்டி கொண்டுபோற கம்பனியில, துவக்கோட காவல் வேலை. நேரை வரச்சொன்னது நான். கோவிலுக்கு அதோட வரக்கூடாது, காரிலயும் விடக்கூடாது எண்டு திரும்பிப் போயிட்டார். அவர் செய்ததுதான் சரி. பூட்டி வைச்சுப்போட்டு வருவார். எனக்கு அதுவரைக்கும் நேரம் வேணும்."

குருக்கள் ஐயா நிலத்தைப் பார்த்தார். நாகராஜன் மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டார்.

"ஓம்," என்றார், "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"டண்டினோங் நகைக்கடையில கண்டனான். ஆவணி, புரட்டாசி இருக்கும். பெட்டியோட வந்தார். என்னைக் கண்டும் காணாதமாதிரிப் போனார். தொழில் எண்டு விளங்கிச்சுது, நானும் பேசாமல் நிண்டிட்டன்."

கோபாலகிருஷ்ணனுக்கு முதலில் வந்தது கோபமல்ல. "எங்க தெரிஞ்சது?" என்று கேட்டார். "பின்பக்கமோ?"

"ஒரு பக்கமும் தெரியேல்ல. கோட் நல்ல கோட். உம்மைப் பாத்துத்தான் நிச்சயமாத் தெரிஞ்சது. கலியாண வீட்டில அந்த மனுசன் வெறுஞ் சேட்டோட சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். பாங்கு எண்டு சொல்லிப்போட்டு நீர் அவற்ற இடுப்பைப் பாக்கிறீர்."

கிழவர் ஒரு அடி கிட்ட வந்தார். "தெரிஞ்சுகொண்டே பிராஞ்ச் கேட்டனீரோ?"

"ஓம். எப்ப சொல்லுறீர் எண்டு பாத்தன்." நாகராஜன் இந்த முறை சிரிக்கவில்லை. "எங்களுக்குள்ள கிடக்கட்டும். அவருக்கு ஆபத்தான வேலை. மைக்கில நான் என்ன சொல்ல?"

கோபாலகிருஷ்ணன் யோசித்தார். சொல்லுகிற எதுவும் இனிப் பொய்யாக இருக்கக்கூடாது. "வேலையால வாறார் எண்டு சொல்லும்."

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. இன்றைய உபயகாரர் வேலை முடிந்து வந்துகொண்டிருக்கிறார், அடியார்கள் சிறிது நேரம் பொறுத்தருள வேண்டும் என்று நாகராஜனின் வகுப்பறைக் குரல் சொன்னது. சனம் பெரிதாக எடுக்கவில்லை. பெண்கள் நிலத்தில் வசதியாக அமர்ந்து பூக்கட்டத் தொடங்கினார்கள். யாரோ ஒரு தேவாரத்தை எடுத்தார்கள். வைதேகி தகப்பனைப் பார்த்தாள். அவர் கையால் பொறு என்று காட்டினார்.

ஐந்து மணி இருபத்தைந்துக்குக் கொரோலா திரும்பி வந்தது. இந்த முறை வாசலுக்குக் கிட்டவே நின்றது. கேதீஸ்வரன் ஈரத்தலையோடு, வேட்டி கட்டி, வெறும் மேலோடு இறங்கினார். ஆறு மாதம் உறை அழுத்தி அழுத்தி, வலது இடுப்புக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் தோல் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. வாசலில் நின்ற எவருக்கும் அது தெரியும். கோபாலகிருஷ்ணன் சால்வையை விரித்தார். இடுப்பைச் சுற்றிக் கட்டிவிடத்தான் முதலில் கை போனது. பிறகு அதை மடித்து மருமகனின் கையில் கொடுத்து, "நீரே கட்டும்" என்றார்.

கேதீஸ்வரன் அந்தத் தடிப்புக்குக் கீழே, வேட்டிக்கு மேலே, எல்லோரையும்போலக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். குருக்கள் ஐயா விரலில் தர்ப்பையை மாட்டினார். பெயர், நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் கேட்டுக் கேட்டுச் சங்கற்பம் நடந்தது. கிழவர் முறைப்படி விலகி, தூண் ஓரமாக நின்று பார்த்தார். கேதீஸ்வரன் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டார். பிறகு இரு கையையும் நீட்டி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எழும்பப் பிந்தினார். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

பூசை முடிய, உபயகாரருக்குரிய காளாஞ்சித் தட்டை ஐயா கேதீஸ்வரனிடம் கொடுத்தார். அன்னதானப் பந்தி தொடங்கிய நேரத்தில் நாகராஜன் ஒரு கொப்பியோடு வந்தார். அடுத்த வருடத்துக்கு நாட்களைப் பதிவதாகச் சொல்லிவிட்டு, கோபாலகிருஷ்ணனைப் பார்த்துப் பேனையைத் திறந்தார்.

"நாலாம் நாள், வழக்கம்போல கோபாலகிருஷ்ணன் குடும்பம் எண்டு எழுதட்டோ?"

"இல்லை" என்றார் கிழவர். "கேதீஸ்வரன் எண்டு எழுதும்."

நாகராஜன் எழுதினார். கேதீஸ்வரன் தட்டைக் கையில் ஏந்தியபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமா, அடுத்த வருசம் அது கிழமை நாளில வந்தால் லீவு எடுக்கிறது கஷ்டம்."

"திங்கட்கிழமை போன உடனை கேட்டு வையும்" என்றார் கோபாலகிருஷ்ணன். "ஏன் எண்டு கேட்டால், கோவிலில உபயம் எண்டு சொல்லும்."